அண்ணனின் சாக்ஸபோனும் நான் கட்டிவைத்த பல்லும்

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு போகிற சொந்தபந்தங்கள், ஊர்ப் பெரியவர்கள், அண்ணனோடு வாத்தியம் வாசித்த கூட்டாளிகள் எல்லோருக்கும் தம்பியின் கும்பிடு.

அண்ணனைப் பற்றி எழுத காலேஜ் படித்த ஆளைப் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. இருந்தாலும் நாச்சியாபுரத்தைச் சுற்றி நாற்பது ஊரில் திருவிழாவோ கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் மைக் செட்டும் லைட்டும் ஜெனரேட்டரும் என்னுடையதுதான். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கை இது. இன்று எனக்குக் கீழே இருபது குடும்பம் சாப்பிடுகிறது. ஒரு மந்திரி என் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்லதான் நான் பேசுறது எனக்கே கேக்குது" என்று மேடையிலேயே சொன்னார். இத்தனை ஆயிரம் பேரைப் பேசவைத்தவனுக்குச் சொந்த அண்ணனைப் பற்றிப் பேசத் தெரியாதா.

இன்னொரு காரணமும் உண்டு. அண்ணனின் வாழ்க்கையில் ஒரு தப்பு நடந்தது. செய்தவன் நான். வேறு ஆள் எழுதினால் மரியாதைக்காக அதை விட்டுவிடுவார். ஊருக்குத் தெரிந்த பாதியோடு முழுதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது நாச்சியாபுரத்தில், சம்சாரி வீட்டில். அய்யாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், ஒரு ஜோடி மாடு, பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். எனக்கும் அண்ணனுக்கும் ஆறு வயது வித்தியாசம். சின்ன வயதிலேயே அவர் ஊரில் ஒரு விஷயத்துக்குப் பேர் வாங்கியிருந்தார். எங்கள் கிணற்றில் தலைகீழாகக் குதித்து, அடிமண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு, மேலே நிற்கிறவர்கள் பயந்துபோய்க் கயிறு தேட ஆரம்பித்த பிறகுதான் வெளியே வருவார். ஆத்தா ஒருநாள் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணன், "எதுக்காத்தா அழுகுற, இன்னும் பாதி மூச்சு மிச்சம் இருக்கு" என்றார்.

அந்த மிச்ச மூச்சுதான் அவருக்குச் சோறு போட்டது. பதினேழு வயதில் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் மிலிட்டரியில் சேர்ந்தார். அங்கே ரெஜிமெண்டு பேண்டுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. பேண்டு மாஸ்டர் புதுப் பையன்களை வரிசையாக நிறுத்தி, யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார்கள் என்று பார்த்தாராம். மற்ற எல்லோரும் விட்டபிறகும் அண்ணன் விடவில்லை. மாஸ்டர் பயந்துபோய் முதுகில் தட்டியிருக்கிறார். முதலில் கிளாரினெட் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, வாசிக்க ஆளில்லாமல் கிடந்த ஒரு டெனர் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளையில் செய்தது, யானைத் தும்பிக்கை மாதிரி கீழே போய் மேலே வளையும், உடம்பெல்லாம் பொத்தான். சத்தம் ஒரு நல்ல ஆம்பளைக் குரல். அன்றைக்கு மாட்டியதை அண்ணன் கழற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போனதால் மாடு என் தலையில் விழுந்தது. என் படிப்பு நின்றது அப்படித்தான். அதற்காக நான் அவர்மேல் கோபப்பட்டதில்லை. படித்திருந்தால் எங்காவது ஆபீசில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். நாற்பது ஊருக்குச் சத்தம் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து மிலிட்டரியிலிருந்து வந்தார். ஊரில் எல்லோரும் பாங்கில் வாட்ச்மேன் வேலைக்கு எழுதிப்போடச் சொன்னார்கள். அண்ணன் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். அங்கே பெரிய ஓட்டல்களில் சாயங்காலமானால் ஜாஸ் வாசிப்பார்களாம். அவர் ரூமில் கூட இருந்தவர் ஒரு பியானோக்காரர், அந்த ஊர்க்காரர்தான். அவரும் அண்ணனும் பழைய இசைத்தட்டை வாங்கிவந்து, ஒரே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். பதினான்கு வருஷம் அந்த ஊரில். அண்ணன் வாசிக்க ஆரம்பித்தால் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று பியானோக்காரரே அரைகுறைத் தமிழில் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் இப்போது பெருமையாக எழுதுகிறேன். அப்போது யாரிடமும் நான் இப்படிச் சொல்லவில்லை. "ஒங்க அண்ணே என்ன பண்றாக?" என்று கேட்டால், "மிலிட்டரி" என்பேன். வாத்தியம் வாசிக்கிறார் என்றால், சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு அது எதற்கு என்று நாலு பேர் பேசுவார்கள். ஓட்டலில் வாசிக்கிறார் என்றால் எட்டு பேர் பேசுவார்கள். மிலிட்டரி என்றால் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள்.

அண்ணிக்கு நேமத்தான்பட்டி. அந்தக் கல்யாணம் பேசி முடித்ததும் என் வாய்தான். மிலிட்டரி மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கேட்டேன். கல்யாணமான மூன்றாம் நாள், கட்டிலுக்குக் கீழே இருந்த நீளப் பெட்டியைக் காட்டி அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பெட்டிய வீட்டுக்குள்ள வச்சிருக்கலாமா? போலீஸ் எதுவும் கேக்க மாட்டாகளா?"

"எதுக்குண்ணி கேக்கப்போறாக?"

"துப்பாக்கியில்ல இருக்கு."

அண்ணன் உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, துடைத்து, மாட்டி, அண்ணிக்காக ஒரு பாட்டு வாசித்தார். அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு, "துப்பாக்கின்னா ஒரு தடவதான் சத்தம் வரும்" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே அவரை அண்ணனுக்கு மிகவும் பிடித்துப்போனது. நாற்பத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் பண்ணினார்கள். பெற்றது ஒரே மகள். கோயம்புத்தூரில் டீச்சராக இருக்கிறாள். இந்த மலரை அச்சடித்தது அவள் செலவு.

என் கல்யாணத்துக்கு அண்ணன் சாக்ஸபோனோடு வந்தார். அப்போதுதான் நான் சொந்தமாக மைக் செட் வாங்கியிருந்தேன். புத்தம்புது குழாய் ஸ்பீக்கர் நான்கு. நான்கையும் நான்கு திசைக்குக் கட்டி, அண்ணன் வாத்தியத்துக்கு முன்னால் மைக்கை வைத்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். முதல் தடவை அப்படியே இருந்தது. கூட்டம் தலையாட்டியது. இரண்டாம் தடவை பாட்டு எங்கேயோ போய் எப்படியோ திரும்பிவந்தது. மூன்றாம் தடவை பாட்டையே காணோம். எங்கள் மாமா சத்தமாக, "நகண்டு நில்லுங்கப்பா, பஸ்ஸு பந்தலுக்குள்ளயே வந்துருச்சு" என்றார். கூட்டம் சிரித்தது. பஸ் ஹாரன் மாதிரி கேட்டதற்குக் காரணம் என் குழாய். அடிச்சத்தத்தைத் தின்றுவிட்டு மேல்சத்தத்தை மட்டும் துப்பும். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு அண்ணன்மேல்தான் எனக்கு வருத்தம்.

அய்யாவுக்கு வேறு கவலை.

"ஏப்பா, மொதல்ல வாசிச்சது நல்லாத்தான இருந்துச்சு. பெறகு மறந்துபோச்சா?"

"மறக்கலய்யா. மாத்தி வாசிச்சேன்."

"நல்லாருக்கிறத எதுக்குப்பா மாத்தணும்?"

மறுநாள் காலையில் நானும் அண்ணனும் கண்மாய்ப் பக்கம் போனோம். வழியில் நான் ஒருவரிடம் வரப்புத் தகராறு பேசினேன், ஒருவரிடம் பந்தல் மூங்கில் கேட்டேன், ஒரு சித்தப்பாவிடம் பொய்க்கோபம் போட்டுக்கொண்டேன். கண்மாய்க் கரையில் ஏறியதும் அண்ணன் சொன்னார்.

"வீட்டுலருந்து இங்க நேரா வந்தா எவ்வளவு நேரம்டா?"

"அஞ்சு நிமிசம்."

"இப்ப எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முக்கா மணி ஆயிருக்கும்."

"நீ என்னைக்காச்சும் நேரா வந்திருக்கியா? நாலு பேரப் பாத்து நின்னு பேசி, ரெண்டு பேர வஞ்சுட்டு, ஒருத்தன் வீட்டுல தண்ணி குடிச்சுட்டுத்தான் வருவ. ஆனா கண்மாய்க்கு வந்து சேந்துருவ. தப்பிப் போயிற மாட்ட. அதுதான்டா ஜாஸு. நாளைக்கு வந்தா வேற நாலு பேரு."

படித்தவர்கள் ஜாஸ் பற்றி என்னென்னவோ எழுதியிருப்பார்கள். இதைவிட நன்றாக எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

கல்கத்தாவில் ஓட்டல் வாசிப்பு குறைந்த பிறகு அண்ணன் சில வருஷம் கப்பலில் வாசித்தார். அதன் பிறகு அண்ணியோடு சென்னையில் குடியிருந்து சினிமா ரெக்கார்டிங்குக்குப் போனார். அங்கே கஷ்டம்தான். எழுதிக் கொடுத்ததை எழுதிய மாதிரியே வாசிக்க வேண்டும், பத்து தடவை எடுத்தாலும் பத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணன் நாலாவது தடவையிலேயே கண்மாய்க்கு வேறு வழியாகக் கிளம்பிவிடுவார். திட்டு வாங்குவார். திட்டியவரே வேலை முடிந்ததும், "அந்த நாலாவதை இன்னொரு தடவை வாசிங்க, எனக்காக" என்று கேட்பாராம். அண்ணன், "அது போயிருச்சுங்க" என்று சொல்லிப் பெட்டியை மூடுவாராம்.

அறுபத்திரண்டு வயதில் அண்ணியோடு ஊருக்கே வந்துவிட்டார். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டை, வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் தங்குகிற ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அந்த வீட்டின் இரண்டாம் கட்டில், கல்தூண்களுக்கு நடுவில், சனிக்கிழமை சாயங்காலம்தோறும் அண்ணன் வாசித்தார். நான் உயர்ந்த ரக மைக்காகக் கொண்டுபோய் இறக்கினேன். அண்ணன் நடு முற்றத்தில் நின்று ஒரே ஒரு சுரத்தை ஊதிக் காட்டினார். வீடு முழுக்க நிறைந்து நின்றது.

"கேட்டியா? இந்த வீட்டக் கட்டுனவரு மைக்கையும் சேத்துத்தான் கட்டியிருக்காரு. ஒன் சாமான அங்குட்டு ஓரமா வையி."

வைத்தேன். வேறு எவன் சொல்லியிருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பேன். எட்டு வருஷம் அந்தச் சனிக்கிழமைகள் நடந்தன. அண்ணனுக்கு வாரத்தின் மற்ற ஆறு நாளும் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதுதான்.

இனிமேல் பல் விஷயம்.

சாக்ஸபோனில் மேல்வரிசை முன்பல் ஊதுகிற முனையான மவுத்பீஸின் முதுகில் உட்கார வேண்டும், கீழ் உதடு உள்ளே மடிந்து அதன் அடியில் அதிரும் ரீடு என்ற நாணல் பட்டையைத் தாங்க வேண்டும். வாய்க்கும் வாத்தியத்துக்கும் உள்ள பிடி அதுதான். ஐம்பது வருஷத்துக்குமேல் கடித்துக் கடித்து அண்ணனின் முன்பல் இரண்டும் தேய்ந்து, ஒன்று மூலையில் உடைந்து, கறுத்துப் போயிருந்தன. அப்போது என் கடைசி மகளுக்குக் கல்யாணம். பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம்வரை ஃப்ளெக்ஸ் வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அதில் மூத்தவர் என்று அண்ணனின் படம் பெரிதாக வர வேண்டும். போட்டோக்காரர், "ஐயா வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கட்டும்" என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். பாரத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். எனக்கு எழுத வரும் என்று காட்டிக்கொள்ள அதெல்லாம் நானே செய்வேன். தொழில் என்று போட்டிருந்த இடத்தில் 'மிலிட்டரி, ரிடையர்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, மேல்வரிசையில் பெரும்பாலும் ஆடுகிறது, எடுத்தாக வேண்டும், முன்பல் இரண்டையும் மட்டும் பல தடவை வந்து வைத்தியம் பார்த்தால் நிறுத்தலாம் என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "அதுமட்டும் எதுக்கு சார் கறுப்பா நிக்கணும்? எல்லாத்தையும் எடுத்துட்டு முத்து மாதிரி ஒரு செட்டுக் கட்டிருங்க. நல்லதாவே போடுங்க."

வெளியே வந்தபோது அண்ணன் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச முடியவில்லை. 'என்ன சொல்றாரு' என்று கையால் கேட்டார். "மேல எல்லாத்தையும் எடுத்தாகணுமாம்ணே" என்றேன். அண்ணன் தலையாட்டினார். தம்பி பொய் சொல்லமாட்டான் என்று நம்பிய தலையாட்டல் அது.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஃப்ளெக்ஸில் அண்ணன் சிரித்ததைப் பார்த்து, யார் இது சினிமாக்காரரா என்று கேட்டவர்கள் உண்டு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

புண் ஆறிய பிறகு ஒருநாள் காலையில் அண்ணன் பெட்டியைத் திறந்தார். நானும் அங்கே இருந்தேன். ஊதினார், வெறும் காற்று வந்தது. மறுபடி ஊதினார், சத்தத்தோடு பல் செட் கடகடவென்று ஆடியது. மூன்றாவது தடவை தம்கட்டி ஊதினார். மேல் செட் முழுதாகக் கழன்று, முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவலின் முன்னால் போய் விழுந்தது. சேவல் சுவரேறி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணி சிரித்தார், நான் சிரித்தேன், அண்ணனும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பல்லைக் கழுவி மாட்டினார். வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பீரோவின் மேல் ஏற்றிவிட்டார்.

அது அங்கேயே இருந்தது. சனிக்கிழமை வந்தது, போனது. ஓட்டலில் வேறு ஆளைப் புல்லாங்குழல் வாசிக்க வைத்தார்கள். அண்ணன் சாயங்காலத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்வரை போய் வந்தார். நேராகப் போய் நேராக வந்தார். யாரிடமும் நின்று பேசவில்லை. அதைப் பார்த்ததும்தான் நான் காரை எடுத்தேன்.

பல் செட்டைச் சரிசெய்ய மறுபடி டாக்டரிடம் போனோம். அண்ணன் பையிலிருந்து மவுத்பீஸை எடுத்து மேஜையில் வைத்து, "இதக் கடிக்கிற மாதிரி பண்ண முடியுமா" என்று கேட்டார். டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். அதன் முதுகில் இரண்டு பல் பதிந்த குழி இருந்தது. என் பாரத்தையும் எடுத்துப் பார்த்தார். "மிலிட்டரின்னு போட்டிருக்கு. இதைச் சொல்லியிருந்தா அந்த ரெண்டு பல்லை எப்பாடு பட்டாவது நிறுத்தியிருப்பேனே. நிறுத்தலாம்னு சொன்னேனே இவர்கிட்ட" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வரும்போது காரில் குன்றக்குடி தாண்டியதும் சொன்னார்.

"மிலிட்டரியில ஒன்பது வருசம் இருந்தேன். அந்த ஒன்பதுலயும் துப்பாக்கியத் தொட்டதவிட இதத் தொட்டதுதான் சாஸ்தி. பெறகு நாப்பத்தி நாலு வருசம். நீ எதடா எண்ணுன?"

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, சாகிறவரைக்கும் கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் கல்கத்தா பியானோக்காரர் போன் செய்தார். தை மாதம் தெற்கே வருகிறாராம். வயதாகிவிட்டது, இன்னொரு தடவை வருவேனோ என்னவோ, நாம் சேர்ந்து ஒரு சாயங்காலம் வாசிக்க வேண்டும் என்றாராம். அண்ணன் "வா" என்று சொல்லிவிட்டார். பல் போனதைச் சொல்லவில்லை.

"ஏண்ணே சொல்லாம விட்டீக?"

"சொன்னா வர மாட்டான்டா. வரட்டும். மொகத்தயாச்சும் பாத்துக்குவோம்."

தைக்கு நான்கு மாதம் இருந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பல்லை ஒட்டவைக்கிற பசை எத்தனை விதம் உண்டோ அத்தனையும் வாங்கிவந்தேன். மதுரைக்குக் கூட்டிப்போய் எலும்பில் பல் பதிக்க முடியுமா என்று கேட்டேன். எலும்பு தாங்காது என்றுவிட்டார்கள்.

அப்போது நெற்குப்பையில் ஒரு கோயில் விசேஷம், மைக் செட் என்னுடையது. பையன்களை விட்டிருக்கலாம், நானே போனேன். நாதஸ்வரத்துக்கு மைக் வைப்பதென்றால் நான்தான் வைப்பேன், அதில் எனக்கு ஒரு கர்வம். வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது ஐம்பது வருஷத் தொழில். ஆகவே நான் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு வாசித்த வித்துவானுக்கு எண்பது வயது. நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயிலிருந்து எடுத்து, "தள்ளி வைங்கய்யா" என்று சொன்னார். வாய்க்குள் ஒரு பல் இல்லை. வெறும் ஈறு. அதே வாயால் மறுபடி வாசித்தார், கோபுரத்துப் புறாவெல்லாம் கிளம்பியது.

விசேஷம் முடிந்ததும் அவர் காலில் விழாத குறையாகச் சொல்லி, என் வேனிலேயே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் பீரோவின் மேலிருந்து பெட்டியை இறக்கினார். இரண்டு பெரியவர்களும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பல்லு எப்பப் போச்சு?" என்றார் வித்துவான்.

"ஆடியில."

"எனக்குப் போயிப் பதினாறு வருசம். அதுக்குப் பெறகுதான் தோடி ஒழுங்கா வருது." மவுத்பீஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய சீவாளி. இதப் பல்லால கடிச்சா வாசிச்சீக?"

"மேல்பல்லு அதுமேல உக்காந்திருக்கும்."

"ஏன், அது என்ன முறுக்கா? வாத்தியத்தக் கடிக்கப்படாதுய்யா. பச்சப்புள்ள பால் குடிக்கிற மாதிரிப் புடிக்கணும். அதுக்கு என்ன பல்லா இருக்கு? ரெண்டு உதட்டையும் உள்ள மடிங்க. அந்தக் கட்டுப்பல்லக் கழத்தி வச்சுட்டு வாங்க மொதல்ல."

அண்ணன் கழற்றினார். உதட்டை மடித்தார். ஊதினார். முதலில் கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒன்று வந்தது. வித்துவான், "வருது, வருது, அதட்டாதீக" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு சுரம் முழுதாக நின்றது. அடுப்படியிலிருந்து அண்ணி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் பிடித்திருந்த கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியதை அவர் பார்க்கவில்லை.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கல்கத்தாவுல ஒரு கெழவரு இப்புடித்தான் ரெண்டு உதட்டையும் மடிச்சு வாசிப்பாரு. நாங்கள்லாம் அவரப் பாத்துச் சிரிச்சோம்."

"சிரிச்சதுக்குத்தான் இது" என்றார் வித்துவான். அவருக்கு அண்ணி அன்றைக்கு வைத்த விருந்தை ஊர் பேசியது.

மிச்சமிருந்த மூன்று மாதமும் அண்ணன் விடியற்காலையிலிருந்து பழகினார். உதடு வெடித்து ரத்தம் வரும். அண்ணி நெய் தடவிவிடுவார். மறுபடி எடுப்பார். எழுபது வயதில் ஒருவர் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்ததைப் பார்த்தேன். நான் உழைத்துத்தான் முன்னுக்கு வந்தேன் என்று எல்லா மேடையிலும் சொல்வேன். அந்த மூன்று மாதம் அவரைப் பார்த்த பிறகு கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன்.

தை பிறந்தது. கல்கத்தாக்காரர் வந்தார். அந்த ஓட்டல் வீட்டின் இரண்டாம் கட்டு நிரம்பிவிட்டது. வெளிநாட்டுக்காரர்களோடு நம் ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். வித்துவானுக்கு முன்வரிசையில் நாற்காலி. வாத்தியத்துக்கு மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், வரவேற்புரைக்கென்று ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மைக் இல்லாத விசேஷத்தில் எனக்கு நிற்கத் தெரியாது. அண்ணனை அறிமுகம் செய்யப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஆனால் வாய் பழகிய வழியில் போய்விட்டது. "என் அண்ணன், முன்னாள் ராணுவ வீரர்" என்றுதான் வந்தது. கூட்டம் கை தட்டியது. அண்ணன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வந்து, பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

"வீரரோட பல்லு. பத்திரமா வச்சுக்க."

ஒரு கையில் மைக், ஒரு கையில் நான் கட்டிவைத்த முத்துப் பல். அப்படித்தான் அந்தக் கச்சேரி முழுவதும் நின்றேன்.

அண்ணன் வாசித்தார். முன்பெல்லாம் அவர் சத்தம் வெறும் பித்தளைக் குடத்தைத் தட்டினால் வருமே, அப்படிப் பளிச்சென்று இருக்கும். இப்போது அந்தக் குடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கல்கத்தாக்காரர் ஒரு இடத்தில் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். முடிந்ததும் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன்.

"பல்லு போன பெறகுதான் ஒனக்குப் பேச்சு வந்திருக்குங்கிறான்."

"அப்ப நான் செஞ்சதும் நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு" என்றேன். அண்ணி முறைத்த முறைப்பில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமைகள் திரும்ப வந்தன. ஒன்பது வருஷம் அந்த மடித்த உதட்டோடு வாசித்தார். கண்மாய்க்குப் போனால் திரும்பிவர மறுபடி ஒன்றரை மணி நேரம் ஆனது.

எழுபத்தொன்பதாவது வயதில் இதயம் தளர்ந்து காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். கடைசி நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் விரல்கள் அசைந்தன. பொத்தான்களை அழுத்துகிற மாதிரி, ஒன்று மாற்றி ஒன்று. வாசிக்கிறார் என்று தெரிந்தது.

"என்ன பாட்டுண்ணே?"

"கண்மாய்க்குப் போறேன்டா."

விரல் நின்றது சாயங்காலம். வலியில்லாமல் போனார்.

போஸ்டர் அடிக்க அச்சகத்துக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்தான். அண்ணன் படத்தை வைத்து, அதன் கீழே 'ராணுவம் (ஓய்வு)' என்று அவரே போட்டு வைத்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் போட்டிருந்தார், ஐம்பது வருஷமாக.

"அத எடுத்துருங்க" என்றேன்.

"என்னங்கய்யா போடணும்?"

"சாக்ஸபோன் கலைஞர்."

"சின்னதாப் போட்டுறவா?"

"எம்பேருக்கு எம்புட்டுப் பெருசா எழுத்து வைப்பீக? அதவிடப் பெருசா."

நாச்சியாபுரம் முதல் காரைக்குடி வரை அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருந்ததும் மகள் கல்யாண ஃப்ளெக்ஸ் படம் இல்லை. பல் இல்லாமல், உதட்டை மடித்து, கன்னம் உப்பி, வாசித்துக்கொண்டிருந்த படம். அந்தப் பல் செட் இப்போது சாக்ஸபோன் பெட்டிக்குள், மவுத்பீஸ் வைக்கிற குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணி அதை எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

உதடு மடிக்கச் சொல்லிக்கொடுத்த நெற்குப்பை வித்துவானுக்கும், திட்டாமல் உண்மையைச் சொன்ன பல் டாக்டருக்கும், தள்ளாத வயதில் ரயில் ஏறி வந்த கல்கத்தாக்காரருக்கும், சனிக்கிழமைகளைத் திருப்பிக் கொடுத்த ஓட்டல்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் ஆறு நாளும் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொன்னால் திட்டுவார், ஆகவே கும்பிட மட்டும் செய்கிறேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. போகிற வழியில் யாரையாவது பார்த்து, நின்று, பேசிக்கொண்டிருப்பார்.